அப்பாவின் உழவுச் சொல் கோப்புகள் திறக்கவில்லை: எந்தக் குறியேற்றம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

#1 கமலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா தமிழாசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு 2000 வாக்கில் தொடங்கி நாலைந்து வருடம் எங்கள் ஊர்ப்பக்கத்து உழவுச் சொற்களைத் தொகுத்தார். கலப்பை, ஏற்றம், கமலை (மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைப்பது), களம், நெல் அளவை என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தார். கொஞ்சத்தை அவரே வீட்டுக் கணினியில் அடித்தார், மீதியை டிடிபி சென்டரில் கொடுத்து அடித்து வாங்கினார். அவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. பழைய ஹார்டு டிஸ்கில் இருந்து மூன்று டெக்ஸ்ட் கோப்புகள் கிடைத்தன.

கோப்பு 1: திறந்தால் தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகளும் பணக் குறிகளும் வருகின்றன. முதல் வரியின் தொடக்கத்தில் முக்கால் பின்னம், கோடு போட்ட ஏ, சென்ட் குறி, கோடு போட்ட யூ. பக்கம் முழுக்க இப்படியே.

கோப்பு 2: சாதாரண ஆங்கில எழுத்துகள்தான், ஆனால் படித்தால் ஒன்றும் புரியவில்லை. ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று தொடங்குகிறது.

கோப்பு 3: பார்க்க 1 மாதிரியே இருக்கிறது. ஆனால் போன மாதம் இதை ஒரு செயலியில் திறந்து யூனிகோடாக மாற்று என்று கொடுத்துச் சேமித்துவிட்டேன். வேறு பிரதி கிடையாது. இதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

கணினியில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம். பொறுமையாகச் சொன்னால் செய்துவிடுவேன்.

#2 நிரலி எழுதியது:

கவலைப்படாதீர்கள். முதலில் மூன்று கோப்பையும் அப்படியே வேறு இடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இனி எந்தச் செயலியிலும் திறந்து "சேமி" கொடுக்க வேண்டாம்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்புக்குள் எழுத்து என்று எதுவும் கிடையாது. 0 முதல் 255 வரையிலான எண்கள்தான் வரிசையாக இருக்கின்றன. அந்த ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட்டு. 190 என்ற எண்ணைப் பார்த்ததும் அது முக்கால் குறியா, 'த' எழுத்தா என்று முடிவு செய்வது படிக்கும் செயலி. அந்த முடிவுக்கு உதவும் அட்டவணைதான் குறியேற்றம். எந்த அட்டவணையை வைத்துப் படிப்பது என்று கோப்பு தானாகச் சொல்லாது. டெக்ஸ்ட் கோப்பில் அந்தத் தகவலுக்கு இடமே இல்லை.

அதனால் திரையில் தெரிவதை விட்டுவிடுவோம். எண்களைப் பார்ப்போம். கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் ஒன்றை நிறுவி, பத்தடிமான எண்ணாகக் காட்டு என்று அமைத்து, ஒவ்வொரு கோப்பின் முதல் சொல்லுக்கும் உரிய எண்களை இங்கே போடுங்கள். முதல் வரியில் என்ன எழுதியிருப்பார் என்று ஞாபகம் இருக்கிறதா?

#3 கமலை எழுதியது:

ஞாபகம் இருக்கிறது அக்கா. மூன்றுக்கும் ஒரே தலைப்புத்தான்: "தமிழ் உழவுச் சொற்கள்". அதன் கீழே பகுதியின் பெயர். எண்கள் இதோ. 32 என்பது இடைவெளி என்று எடிட்டரே சொன்னது, அதுவரை எடுத்தேன்.

கோப்பு 1: 190 193 162 250
கோப்பு 2: 106 107 112 111 59
கோப்பு 3: 194 190 195 129 194 162 195 186

மூன்றும் "தமிழ்" என்ற ஒரே சொல்லா?

#4 பழைய தட்டச்சர் எழுதியது:

ஆமாம் தம்பி, மூன்றும் அதே சொல்தான்.

முதல் கோப்பு திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றம். எண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. 190 த, 193 ம, 162 இகரக் கொக்கி, 250 ழ். நாலே பைட்டு. அந்தக் காலத்தில் மின்னஞ்சலில் எழுத்துரு இல்லாதவர்களுக்கு இந்த முக்கால் குறியும் சென்ட் குறியும்தான் தெரியும். தினம் பார்த்துப் பார்த்து அதையே "தமிழ்" என்று வாசிக்கிற பழக்கம் எங்களில் பலருக்கு வந்திருந்தது.

ஒரு பைட்டில் 256 இடம். கீழ்ப்பாதி, அதாவது 0 முதல் 127 வரை, ஆஸ்கிக்கு. 1963-இல் அமெரிக்காவில் வகுத்த அட்டவணை அது. பெரிய ஏ 65, சின்ன ஏ 97. திஸ்கி அதைத் தொடவில்லை, மேல்பாதியில் மட்டும் தமிழை வைத்தது. தமிழுக்கு 247 எழுத்து, அதற்கு மேல் கிரந்தம். 128 இடத்துக்குள் எப்படி அடக்குவது? எழுத்தாக வைக்காமல் வடிவமாக வைத்தார்கள். கொம்பு தனி, கால் தனி, புள்ளி வைத்த மெய்கள் தனி, உகர ஊகார உயிர்மெய்கள் தனி. அதனால்தான் 'ழ்' ஒரே எண், 'மி' இரண்டு எண்.

இதில் ஒரு விஷயம் முக்கியம், பின்னால் உங்களுக்கு வேண்டியிருக்கும். திஸ்கியில் பார்க்கிற வரிசைதான் சேமிக்கிற வரிசை. "கொ" என்று அடித்தால் கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால்: 166 184 161. யூனிகோடில் க முதலில் வரும், உயிர்க்குறி அதன் பின்னால்தான். மாற்றும்போது எண்ணுக்கு எண் போட்டால் போதாது, கொம்பைத் தூக்கி மெய்க்குப் பின்னால் வைக்க வேண்டும். பிடிஎஃப்பில் இருந்து ஒட்டும்போது கொம்பு தனியே புள்ளி வட்டத்தோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் இந்த வேலையை யாரும் செய்யாததால் வருவது அது.

லினக்ஸ் இருந்தால் ஐகான்வ் கட்டளைக்கே திஸ்கி தெரியும். விண்டோஸ் என்றால் என்எச்எம் மாற்றி. பைத்தான் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் ஓப்பன் தமிழ் நிரலகம்.

#5 நெடுந்தீவு எழுதியது:

இரண்டாவது பாமினி. இலங்கையில் ஒரு தலைமுறையே இதில்தான் தட்டினது, இப்பவும் அச்சகங்களில் பாவிக்கினம். 106 ஜே, 107 கே, 112 பி, 111 ஓ, 59 அரைப்புள்ளி. கோப்பைப் பொறுத்தவரை இது சுத்தமான ஆங்கில எழுத்து. ஜே-க்குரிய இடத்தில் 'த' வடிவத்தை வரைந்து வைத்தது பாமினி என்ற எழுத்துரு. எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழும் போய்விடும்.

ஒரு நன்மை உண்டு. எல்லாம் 128-க்குக் கீழே என்பதால் எந்த மின்னஞ்சல் வழியாகப் போனாலும், எந்தச் செயலியில் சேமித்தாலும் பைட்டு மாறாது. இருபது வருடம் கழித்தும் உங்கள் கோப்பு 2 அப்படியே இருப்பது அதனால்தான்.

தீமையும் அதிலேயே இருக்கு. அப்பா இடையில் ஏதாவது ஆங்கிலச் சொல் எழுதியிருந்தால் அதைத் தமிழில் இருந்து பிரித்தறிய வழியே இல்லை. ஒரே எண்கள். மாற்றி எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும். திஸ்கியில் இந்தச் சிக்கல் வராது, ஆங்கிலம் கீழ்ப்பாதியில் தனியாக இருக்கும். தம்பி, மாற்றின பிறகு அடைப்புக்குறிக்குள் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகள் கிடக்கிறதா என்று ஒருக்கால் பாருங்கோ. கிடந்தால் அது ஆங்கிலமாக இருந்திருக்கும்.

#6 நிரலி எழுதியது:

இப்போது கோப்பு 3. கமலை, இதை முழுக்கப் படியுங்கள், பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்.

இந்த எண்களைக் கோப்பு 1-இன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 190 என்பது 194 190 ஆகியிருக்கிறது. 193 என்பது 195 129. 162 என்பது 194 162. 250 என்பது 195 186. நாலு பைட்டு எட்டாகிவிட்டது. நடந்தது இதுதான். உங்கள் செயலி திஸ்கிக் கோப்பை விண்டோஸ் 1252 என்ற மேற்கு ஐரோப்பிய அட்டவணையை வைத்துப் படித்தது. 190-ஐப் பார்த்து "இது முக்கால் குறி" என்று முடிவு செய்தது. பிறகு அந்த முக்கால் குறிக்கு யூனிகோடில் என்ன எண்ணோ அதை யூடிஎஃப்-8 முறையில் எழுதிவிட்டது. அதன் கணக்கில் ஒரு தவறும் இல்லை, அது தொடங்கிய இடம்தான் தவறு.

யூடிஎஃப்-8 எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். யூனிகோடு ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தருகிறது. 'த' 2980. இது 255-ஐத் தாண்டுவதால் ஒரு பைட்டில் அடங்காது. எண் 2048-க்கும் 65535-க்கும் இடையில் இருந்தால் மூன்று பைட்டு. 2980-ஐ 64-ஆல் வகுத்தால் ஈவு 46, மீதி 36. ஈவை 128-ஓடு கூட்டினால் 174. மீதியை 128-ஓடு கூட்டினால் 164. முன்னால் 224. ஆக, 'த' என்பது 224 174 164. (4096-ஐத் தாண்டும் எண்களுக்கு முதல் பைட்டும் கூடும். தமிழ் அதற்குக் கீழேயே இருப்பதால் எப்போதும் 224.)

தமிழ்ப் பகுதி 2944-இல் தொடங்கி 3071-இல் முடிகிறது. 2944 என்பது சரியாக 46 தடவை 64. அதனால் முதல் பாதிக்கு இரண்டாம் பைட்டு 174, அடுத்த பாதிக்கு 175. தமிழில் நீங்கள் எது எழுதினாலும் 224 174, 224 175 என்றுதான் வந்துகொண்டே இருக்கும். "தமிழ்" முழுசாக:

224 174 164 (த)
224 174 174 (ம)
224 174 191 (இகரக் கொக்கி)
224 174 180 (ழ)
224 175 141 (புள்ளி)

பதினைந்து பைட்டு. எக்செலில் தமிழ் சிஎஸ்வி கோப்பைத் திறந்தால் கோடு போட்ட ஏ-யும் வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வருமே, அது இந்த 224-உம் 174-உம்தான். தரவு கெடவில்லை, தப்பான அட்டவணையில் படிக்கப்படுகிறது. கோப்பை நேரடியாகத் திறக்காமல் இறக்குமதி வழியாகப் போய் 65001 யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாக வரும்.

இந்த முறையை 1992 செப்டம்பரில் கென் தாம்சன், ராப் பைக் என்ற இரண்டு நிரலாளர்கள் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில் சாப்பாட்டு மேசை விரிப்பில் எழுதி வகுத்தார்கள். அதில் எனக்கு மிகப் பிடித்த அம்சம்: 128 முதல் 191 வரையிலான பைட்டு எப்போதும் தொடர்ச்சிதான், எழுத்தின் தொடக்கமாக வரவே வராது. கோப்பின் நடுவில் எங்கே கொண்டுபோய் விட்டாலும் இரண்டு மூன்று பைட்டு பின்னால் போனால் எழுத்து எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். சில எண்கள் முறையான யூடிஎஃப்-8-இல் வரவே கூடாது, 192-உம் 193-உம் அவற்றில் சேர்ந்தவை. திஸ்கியில் 192 ப, 193 ம. அதனால் 'ப'வோ 'ம'வோ ஒன்று இருந்தாலே போதும், அந்தக் கோப்பு யூடிஎஃப்-8 இல்லை என்று அடித்துச் சொல்லலாம்.

சரி, உங்களுக்குச் செய்ய வேண்டியது: கோப்பு 3-ஐ யூடிஎஃப்-8 ஆகப் படித்து, விண்டோஸ் 1252 அட்டவணையில் திரும்ப எழுதுங்கள். திஸ்கி கிடைக்கும். அதைத் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். நோட்பேட் பிளஸ் பிளஸ் போதும். ஏறிய படிகளிலேயே திரும்ப இறங்க வேண்டும், ஒரு படியையும் தாண்டக் கூடாது.

#7 வைகைக்கரை எழுதியது:

கமலையின் வேலைக்கு நடுவே வருகிறேன், மன்னிக்கவும். ஆனால் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

//பதினைந்து பைட்டு//

ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துக்கு ஐந்து பைட்டு. நாம் மூன்றெழுத்துச் சொல்லுக்குப் பதினைந்து கொடுக்கிறோம். திஸ்கியில் நாலுதான். இது நியாயமா? ஊர்ப் பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன், உறுப்பினர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது என் வேலை. ஆங்கிலத்தில் 160 எழுத்து அனுப்பலாம், தமிழில் 70. அந்த 70-இலும் "தமிழ்" என்ற சொல்லுக்கு ஐந்து கழித்துவிடுகிறார்கள். கொழுப்பு, லிட்டர், தொகை, தேதி என்று நாலு விவரம் எழுதினால் இரண்டாவது செய்திக்குக் காசு.

#8 நிரலி எழுதியது:

உங்கள் குறை உண்மையானது. குறுஞ்செய்தியில் இருப்பது 140 பைட்டு, பைட்டுக்கு எட்டு பிட்டு. ஏழு பிட்டாக அடுக்கினால் 160 எழுத்து, இரண்டு பைட்டாக அடுக்கினால் 70. தமிழ் அந்த ஏழு பிட் அட்டவணையில் இல்லாததால் இரண்டாவது வழிக்குப் போகிறது. ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்திருந்தாலும் முழுச் செய்தியும் 70 ஆகிவிடும். அதனால் பாதி ஆங்கிலமாக எழுதி மிச்சம் பிடிக்க முடியாது. ஒன்று முழுக்கத் தமிழ், இல்லையென்றால் முழுக்க ஆங்கிலம். பால் ஊற்றுகிறவர்களுக்குத் தமிழில் போவதுதான் முறை என்று நான் நினைக்கிறேன், காசு கொஞ்சம் கூடினாலும்.

ஆனால் கோப்பு அளவை வைத்து யூடிஎஃப்-8-ஐக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று பைட்டு தமிழுக்கு மட்டும் கிடையாது. இந்தி, வங்காளம், சிங்களம், தாய், சீனம் எல்லாவற்றுக்கும் மூன்றுதான். ஒரே 224 174 திரும்பத் திரும்ப வருவதால் சுருக்கினால் நன்றாகவே சுருங்கும். கமலையின் அப்பா தொகுத்தது எல்லாம் சேர்ந்தாலும் கைபேசியில் எடுக்கும் ஒரு படத்தின் அளவு வராது. அதற்கு ஈடாக நமக்குக் கிடைப்பது என்ன? 224 174 164 என்று எங்கே இருந்தாலும், யார் எழுதியிருந்தாலும் அது 'த' மட்டும்தான். 190-க்கு அந்த உறுதி கிடையாதே. அதனால்தானே இந்த இழையே தொடங்கியது.

#9 பழைய தட்டச்சர் எழுதியது:

வைகைக்கரை கேட்டதில் ஒரு பழைய வலி இருக்கிறது, அதையும் பதிந்துவிடுகிறேன்.

1990-களில் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம். ஒரு பத்திரிகையின் தளத்தைப் படிக்க அவர்கள் எழுத்துருவை இறக்க வேண்டும், அடுத்த பத்திரிகைக்கு வேறொன்று. இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டத்தான் திஸ்கி வந்தது. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, ஐரோப்பா, அமெரிக்கா, தமிழ்நாடு என்று எங்கெங்கோ இருந்தவர்கள் மின்னஞ்சலிலேயே வாதாடி உருவாக்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களைத் தரமாக அறிவித்தது. நாம் இன்றும் தட்டும் தமிழ் 99 விசைப்பலகை அங்கிருந்து வந்ததுதான்.

யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்டது. ஆனால் அந்த அடுக்கு இஸ்கி என்ற பழைய இந்தியக் குறியேற்றத்தைப் பார்த்து அமைத்தது. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டகம். தேவநாகரியில் க-வுக்குப் பிறகு மூன்று எழுத்து இருப்பதால் தமிழிலும் க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று இடம் காலி. க 2965, ங 2969. மெய்யெழுத்தை அடிப்படையாக வைக்காமல் அகரம் ஏறிய உயிர்மெய்யை வைத்து, அதன் மேல் புள்ளியைத் தனிக் குறியாக ஒட்டியதும் அதே சட்டகத்தால்தான். தொல்காப்பியம் படித்தவனுக்கு அது நெருடத்தான் செய்யும். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும் என்று கேட்டு உருவானது டேஸ் 16. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாகவும் டேஸ் 16-ஐ மாற்றுத் தரமாகவும் ஏற்றது. அது யூனிகோடு எந்த எழுத்துக்கும் ஒதுக்காமல் விட்ட தனிப்பயன் பகுதியில் இருப்பதால் பொதுவான கைபேசியில் தெரியாது. அதுதான் அதன் சிக்கல்.

நான் அந்தப் பக்கம் நின்று வாதாடியவன்தான். இன்று என் பேத்தி கைபேசியில் எந்த எழுத்துருவும் நிறுவாமல் எனக்குத் தமிழில் எழுதுகிறாள். அதற்குப் பிறகு நான் அந்த வழக்கை விட்டுவிட்டேன்.

#10 கமலை எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கோப்பு 1 திறந்துவிட்டது. முதல் பக்கத்தில் அப்பாவின் நடையிலேயே "கொழு: கலப்பையின் அடியில் மண்ணைக் கீறும் இரும்பு. கொல்லனிடம் கொடுத்து ஆண்டுக்கொரு முறை காய்ச்சி அடிப்பது வழக்கம்" என்று வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

கோப்பு 2-உம் வந்துவிட்டது. நெடுந்தீவு அண்ணா சொன்னது சரி, 31 இடங்களில் அடைப்புக்குறிக்குள் அர்த்தமில்லாத எழுத்துகள். கோப்பு 2-ஐத் திரும்பப் பார்த்தால் அந்த இடங்களில் ஆங்கிலச் சொற்கள் தெளிவாக இருந்தன, கையால் திருத்திவிட்டேன்.

இப்போது ஒரு புதுச் சிக்கல். திரையில் "கொழு" என்று கண்ணெதிரே நிற்கிறது. தேடல் பெட்டியில் "கொழு" என்று அடித்தால் இல்லை என்கிறது. கோப்பில் இருந்தே வெட்டி ஒட்டினால் கிடைக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

#11 நிரலி எழுதியது:

இரண்டும் வேறு வேறு பைட்டு வரிசை. நீங்கள் விசைப்பலகையில் அடிக்கும் "கொ" என்பது க-வும் (2965), ஒகரக் குறி என்ற ஒற்றைக் குறியும் (3018). ஆறு பைட்டு. உங்கள் மாற்றி திஸ்கியின் பழக்கத்தில் கொம்பையும் (3014) காலையும் (3006) தனித்தனியாக வைத்துவிட்டது. க, கொம்பு, கால் என்று மூன்று எண், ஒன்பது பைட்டு. இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது, அதனால்தான் திரையில் ஒரே மாதிரி வருகிறது. பைட்டை மட்டும் ஒப்பிடும் தேடலுக்கு அது தெரியாது.

தீர்வு சுலபம். இயல்பாக்கம் என்று ஒரு வேலை இருக்கிறது, என்எஃப்சி என்பார்கள். பிரித்து வைத்ததைச் சேர்த்து ஒரே வடிவமாக்கும். பைத்தானில் யூனிகோட்டேட்டா என்ற தொகுதியில் இருக்கிறது, ஒரே வரி. மூன்று கோப்பையும் அதில் ஒருமுறை போட்டு எடுங்கள்.

ஆனால் ஒன்றை அது சரிசெய்யாது, அதைக் கையால்தான் பார்க்க வேண்டும். ஔகாரம். "கௌ" என்பதில் கடைசியில் இருப்பது ள இல்லை, ள போலவே தெரியும் தனிக் குறி. டிடிபி சென்டரில் அடித்தவர்கள் கொம்பு போட்டு, க போட்டு, ள எழுத்தையே போட்டிருப்பார்கள். அது யூனிகோடில் "கெள" ஆகிவிடும், வாசித்தால் கெ-ள. இரண்டும் சமம் என்று யூனிகோடு சொல்லாது, சொல்லவும் கூடாது.

#12 வைகைக்கரை எழுதியது:

//"கெள" ஆகிவிடும்//

இது எங்கள் சங்கப் பதிவேட்டில் இருக்கிறது! ஒரே அம்மாள் "கௌரி" என்று ஒரு வரியிலும் "கெளரி" என்று இன்னொரு வரியிலும். இரண்டு உறுப்பினர் என்று எண்ணி ஊக்கத்தொகையைப் பிரித்து எழுதியிருக்கிறோம். இரண்டு பெயரையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இப்போது எண்ணைப் பார்த்ததும் புரிந்தது. நாளைக்கே திருத்துகிறேன். அந்த அம்மாளுக்குச் சேர வேண்டியதையும் கணக்குப் போட்டுச் சேர்க்க வேண்டும்.

#13 நெடுந்தீவு எழுதியது:

தம்பி, சொற்களை அகரவரிசைப்படுத்தும் எண்ணம் இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சும்மா வரிசைப்படுத்து என்று கொடுத்தால் பைட்டு வரிசையில் அடுக்கிவிடும். அதில் ந-வுக்கு அடுத்து ன வரும், ள-வுக்குப் பிறகு ழ வரும், அதற்கும் பிறகுதான் வ. நாங்கள் பள்ளியில் படித்தது ய ர ல வ ழ ள ற ன. தமிழ் என்று மொழியைச் சொல்லி வரிசைப்படுத்தும் வசதி உள்ள மென்பொருளைப் பாவியுங்கோ. அப்பா தமிழாசிரியர், வரிசை பிழைத்தால் அவருக்குப் பிடித்திருக்காது.

#14 கமலை எழுதியது:

இயல்பாக்கியதும் தேடல் வேலை செய்கிறது. கோப்பு 3-ஐயும் நிரலி அக்கா சொன்ன வழியிலேயே திரும்ப இறக்கினேன். கமலைப் பகுதி முழுக்க வந்துவிட்டது. சால், வடக்கயிறு, வால்கயிறு, உருளை எல்லாம்.

ஆனால் கேள்விக்குறிகள் இருக்கின்றன. அப்பா தமிழ் எண்களில்தான் எழுதுவார். பட்டியலின் வரிசை எண்கள் இப்படி நிற்கின்றன: ?, ?, ௩, ?, ?, ௬, ௭, ௮, ௯. இன்னோர் இடத்தில் "வடக்கயிறு நீளம் ?? முழம்". எடிட்டரில் பார்த்தால் எல்லாக் கேள்விக்குறியும் 63 என்ற ஒரே எண். மூன்றும் ஆறும் ஏழும் பிழைத்து, ஒன்றும் இரண்டும் மட்டும் எப்படிப் போயின? வேறு வழி ஏதாவது இருக்கிறதா?

#15 பழைய தட்டச்சர் எழுதியது:

காரணம் தெரிகிறது தம்பி. திஸ்கியில் தமிழ் எண்கள் 128-க்கும் 159-க்கும் இடையில் சிதறிக் கிடக்கும். ௧ 129, ௨ 141, ௩ 142, ௪ 143, ௫ 144. ஆறு முதல் ஒன்பது வரை 149 முதல் 152. பத்து 157. விண்டோஸ் 1252 அட்டவணையில் ஐந்தே ஐந்து இடம் காலி: 129, 141, 143, 144, 157. ஒப்பிட்டுப் பாருங்கள். ௧, ௨, ௪, ௫, ௰. உங்கள் செயலி அந்த எண்களுக்குரிய குறி கிடைக்காமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டது. 63 என்று எழுதிய பிறகு அது எதுவாக இருந்தது என்று கோப்புக்குத் தெரியாது. அதைத் திரும்ப வரவழைக்க எந்த மென்பொருளாலும் முடியாது, மனம் வருந்தித்தான் சொல்கிறேன்.

ஆனால் முழுக்க இருட்டு இல்லை. வரிசை எண்களை நீங்களே நிரப்பிவிடலாம், மூன்றுக்கு முன்னால் இரண்டுதானே. முழக் கணக்கில் இரண்டு கேள்விக்குறி. இரண்டுமே ௧, ௨, ௪, ௫, ௰ என்ற ஐந்தில் ஒன்று. முப்பதும் இல்லை, பதினாறும் இல்லை. பதினைந்து, இருபது, இருபத்து நாலு, இருபத்தைந்து இப்படிச் சிலதான் மிச்சம். ஊரில் கமலை இறைத்தவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

நிரப்பும்போது ௨ என்ற எண்ணை எண்ணாகவே அடியுங்கள். உ என்ற உயிரெழுத்தைப் போட்டாலும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். அப்புறம் இருபது வருடம் கழித்து இன்னொருவர் இழை தொடங்க வேண்டியிருக்கும்.

#16 கமலை எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். சின்னையாவிடம் கேட்டேன். நீளம் எல்லாம் ஞாபகம் இல்லை, வடமே பரணில்தான் கிடக்கிறது என்றார். இருவருமாக இறக்கினோம். புழுதி அப்பி, ஒரு முனை எலி கடித்திருந்தது. களத்தில் நீட்டிப் போட்டு அவரே முழம் போட்டார். இருபத்து மூன்றரைக்குக் கொஞ்சம் மேலே வந்து எலி கடித்த முனையில் நின்றது. "இருபத்து நாலு. உங்கப்பன் என்னோடதான் அளந்தான்" என்றார்.

அப்பா இருபத்து நாலை ௨௰௪ என்று எழுத மாட்டார். கெடாமல் தப்பிய வரிகளில் முப்பத்தாறை ௩௬ என்றுதான் எழுதியிருக்கிறார். அதனால் இரண்டு கேள்விக்குறிக்கும் கணக்கு ஒத்துப்போகிறது. இன்று காலை அந்த வரியில் "வடக்கயிறு நீளம் ௨௪ முழம்" என்று அடித்துச் சேமித்தேன். பைட்டையும் பார்த்தேன்: 224 175 168, 224 175 170.